ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு கதவுகள்

ஹாங்காங்,
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வராஜுக்கு,

உன் கடிதம் வந்து ஏழு மாதமாகிறது. பதில் போடாததற்கு என்னை என்னவெல்லாம் சொல்லித் திட்டியிருப்பாய் என்பது எனக்குத் தெரியும். அதில் பாதியைத் தபால்காரர் நின்று கேட்டிருப்பார் என்பதும் தெரியும். முழங்கால் எப்படி இருக்கிறது? மீசைக்கு இன்னும் சாயம்தானா? இங்கே அனைவரும் நலம், பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது. சம்பிரதாயம் இத்துடன் முடிந்தது. இனி நான் சொல்லப்போவதைக் கேட்க, பட்டாளத்தில் இருந்தவன் என்ற முறையில், எனக்கு உன்னை விட்டால் வேறு ஆள் இல்லை.

இன்று காலை தாய் போ ரயில் நிலையத்தில் 64கே பேருந்து பிடித்து, லாம் சூன் பள்ளத்தாக்கு வழியாகக் காம் டின் போயிருந்தேன். பாதி வழியில் வேண்டுதல் மரம் வந்தது. பேருந்தில் இருந்த பாதிக் கூட்டம் அங்கேயே இறங்கிவிட்டது. 2005இல் சீனப் புத்தாண்டு நெரிசலில் கிளை முறிந்து ஆட்கள்மேல் விழுந்த பிறகு, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மரத்தை நட்டு, ஆரஞ்சு கட்டிய சீட்டுகளை அதன்மேல் எறியச் சொல்கிறார்கள். உன் அத்தை கேட்டால் பிளாஸ்டிக் மரத்துக்கும் மஞ்சள் துணி சுற்றிவிடுவாள். நான் இறங்கவில்லை. பாதை மேலேறிக் கணவாயைத் தாண்டி இறங்குகிறது. இடப்புறம் 957 மீட்டர் உயரத் தாய் மோ ஷான் மலை. அந்தக் கணவாயில்தான் 1899 ஏப்ரல் 17ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது.

1898 ஜூன் 9ஆம் தேதி பீக்கிங்கில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஷென்ஜென் ஆறு வரையிலான நிலப்பரப்பும் சுற்றியிருந்த தீவுகளும் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பிரிட்டிஷார் கைக்குப் போயின. அங்கே நூற்றாண்டுக் கணக்கில் வேரூன்றியிருந்த டாங், ஹௌ, பாங், லியூ, மான் வம்சங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாங் வம்சத்துப் பெரியவர்கள் குத்தகைதாரர்களிடம் வசூலித்து வந்த நிலங்களில் பல, அரசுப் பதிவேட்டில் அவர்கள் பெயரிலேயே இல்லை. வெள்ளைக்காரன் வந்து அளந்தால் குட்டு வெளிப்படும், குடியும் கெடும். ஆகவே எதிர்த்தவர்கள் எல்லாரையும் தேசபக்தர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தன் நிலத்துக்காக நிற்பவனிடம் முதலில் பட்டாவைக் காட்டு என்று கேட்கும் உரிமை, வந்து புகுந்தவனுக்கு எப்படி வந்தது என்பதும் எனக்கு விளங்கவில்லை.

1899 ஏப்ரல் 17 அன்று தாய் போவில் பிரிட்டிஷ் கொடியேற்றம் என்று நாள் குறித்திருந்தார்கள். அதற்காகக் குன்றின்மேல் போட்ட பாய்க் கொட்டகையை ஊரார் முதலில் 3ஆம் தேதியும், மறுபடி கட்டியதை 14ஆம் தேதியும் கொளுத்தினார்கள். 15ஆம் தேதி கேப்டன் பெர்ஜர் தலைமையில் வந்த ஹாங்காங் ரெஜிமென்ட்டின் ஒரு கம்பெனி, சுற்றிலும் மலைமேல் இருந்தவர்களின் சூட்டில் மாட்டிக்கொண்டது. ஃபேம் என்ற நாசகாரிக் கப்பல் கடலிலிருந்து குண்டு போட்ட பிறகுதான் தப்பியது. பின்னாளில் பேரட்மிரல் ஆன ரோஜர் கீஸ்தான் அந்தக் கப்பலின் தலைவர். மறுநாளே, குறித்த நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே, அவசரமாகக் கொடியை ஏற்றிவிட்டார்கள். முகூர்த்தத்துக்கு முன்பே தாலி கட்டிய உன் மைத்துனன் ஞாபகம் வந்தது.

17ஆம் தேதி பள்ளத்தாக்கின் இருபுறச் சரிவுகளிலும் பீரங்கிகளை ஏற்றி வைத்துக் கிராமத்தார் காத்திருந்தார்கள். பீரங்கி என்றால் பெரிதாக நினைத்துவிடாதே: பழைய வார்ப்பிரும்புக் குழாய்கள், தாங்குகட்டையில் வைத்து இருவர் சேர்ந்து இயக்கும் நீளத் துப்பாக்கிகள், ஈட்டிகள். பட்டாளம் சரிவுகளில் ஏறி அவர்களை விரட்டிக் கணவாயைக் கடந்து, அந்தப் பக்கம் ஷியுங் சூனில் இரவு தங்கியது. மறுநாள் 18ஆம் தேதி பிற்பகலில், டாங் கிராமங்களும் அவர்களுக்குத் துணை வந்தவர்களும் ஆயிரக்கணக்கில், வெட்டவெளி வயலில், வரிசை கட்டி அந்தப் பாசறையை நோக்கி நடந்து வந்தார்கள். பள்ளத்தில் மறைந்திருந்த படை, அவர்களை நெருங்க விட்டுச் சுட்டது. நீ இதை எப்படி எடை போடுவாய் என்று எனக்குத் தெரியவேண்டும். மலையில் மறைவிடம் இருந்தபோது நிற்காதவர்கள், மறுநாள் சமவெளியில் மறைவே இல்லாமல் ஏன் நடந்து வந்தார்கள்? தைரியமா, படைக்கலை தெரியாத அறியாமையா, அல்லது முந்தைய நாள் ஓடியதற்கான வெட்கமா?

பிரிட்டிஷ் தரப்பில் ஒருவரும் சாகவில்லை, காயம்பட்டவர்கள் ஓரிருவர். எதிர்த்தரப்பில் இறந்தவர்கள் சுமார் 500 பேர் என்று பிற்காலத்தில் ஓர் ஆய்வாளர் கணித்திருக்கிறார். அன்றைக்கு எண்ணியவர் யாரும் இல்லை. லண்டனுக்குப் போன அறிக்கைகளைப் பார்த்தால் சின்னக் கலவரம் ஒன்றை அடக்கியதுபோல்தான் தோன்றும்.

இப்போது உனக்கு உறைக்கும் செய்திக்கு வருகிறேன். அந்த ஹாங்காங் ரெஜிமென்ட்டில் அதிகாரிகள் மட்டுமே வெள்ளையர். சிப்பாய்கள் அத்தனை பேரும் இந்தியாவிலிருந்து ஆளெடுத்தவர்கள், பெரும்பாலும் பஞ்சாபி முஸ்லிம்களும் பட்டாணியரும். 1892இல் திரட்டிய படை, 1902இல் கலைத்துவிட்டார்கள். பஞ்சாப் கம்பெனிக்காரன் கைக்குப் போய் 1899இல் சரியாக ஐம்பது ஆண்டுதான். பட்டாணியர் கதை இன்னும் கொடுமை: 1897இல் இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புற மலைகளில் அவர்கள் இனத்தாரே இதே பிரிட்டிஷ் பீரங்கிகளுக்கு எதிரே நின்றார்கள். அங்கே மலைமேலிருந்து சுட்டவனின் பங்காளி, இங்கே மலைமேலிருந்து சுட்டவனைத் துரத்திக்கொண்டு ஏறுகிறான். உத்தரவு வந்தால் நிலம் யாருடையது என்று சிப்பாய் கேட்பதில்லை என்று, பேருந்து நிலைய டீக்கடையில் ஒரு முறை மேசையைத் தட்டிச் சொன்னாய். அன்று நான் சண்டை பிடித்தேன். இன்று அந்தக் கணவாயைப் பார்த்தபோது உன் பக்கத்திலும் நிற்க முடியவில்லை, என் பக்கத்திலும் நிற்க முடியவில்லை. சண்டை ஓய்ந்து நிலத்தை அளக்க வந்த குழுவும் இந்திய நில அளவைத் துறையிலிருந்து வந்ததுதான். அவர்கள் போட்ட வரைபடங்களை வைத்துத்தான் அந்தக் கிராமங்களின் மனை எண்கள் இன்றும் வழங்குகின்றன. சுட்டதும் நாம், நிலமளக்கும் சங்கிலி பிடித்ததும் நாம்.

காம் டின்னில் டாங் வம்சத்தாரின் மதில் சூழ்ந்த ஊரான காட் ஹிங் வாய்க்கு வருகிறேன். சதுரமான மதில், நான்கு மூலையிலும் காவல் கோபுரம், சுற்றிலும் அகழி, ஒரே வாசல். கறுப்புத் துணித் தொங்கல் வைத்த தொப்பியுடன் மூதாட்டிகள் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். படம் எடுத்தால் காசு கேட்பார்கள், கொடுக்காவிட்டால் கேட்பது காசாக இருக்காது. வாசலில் இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த இரண்டு கதவுகள். அருகில் போய்ப் பார்த்தால் இரண்டும் ஒரு ஜோடி இல்லை, வேலைப்பாடு வேறு. 1899இல் இந்த ஊரின் கதவுகளையும் பக்கத்துத் தாய் ஹோங் வாயின் கதவுகளையும் பட்டாளம் பெயர்த்தெடுத்துப் போக, ஆளுநர் ஹென்றி பிளேக் அவற்றில் இரண்டை அயர்லாந்தில் இருந்த தம் வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார். ஊரார் கேட்டுக் கேட்டு, 1925இல் ஆளுநர் ஸ்டப்ஸ் காலத்தில் திரும்பி வந்தவை, ஊருக்கொன்றாகப் பிரிந்த இந்த இரண்டும். ஒன்றின் வளையத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். உட்புறம் வழவழப்பு, வெளிப்புறம் துரு.

பக்கத்தில் சீனத்தில் ஒரு கல்வெட்டு. கூட வந்த அலுவலகத் தோழர் வாசித்துச் சொன்னார். குத்தகைச் செய்தியை அன்று சீனாவை ஆண்ட சிங் அரசு முறையாக அறிவிக்கவில்லை. படை வந்தபோது ஊரார் தொல்லைக்கு அஞ்சிக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே தீயவர்கள் ஒளிந்திருப்பதாக ஐயுற்றுப் படை கதவை உடைத்தது. உள்ளே இருந்தவர்கள் நல்ல குடிமக்களும் பெண்களுமே என்று கண்டு யாரையும் துன்புறுத்தாமல் கதவை மட்டும் எடுத்துச் சென்றது. இதுதான் சாரம். செல்வராஜ், இதில் மலை இல்லை, பீரங்கி இல்லை, வயலில் செத்தவர்கள் இல்லை! எழுதி வைத்தவர்கள் அதே டாங் வம்சம்.

எனக்கு முதலில் கோபம் வந்தது. திரும்பும் வழியில்தான் வேறு மாதிரி தோன்றியது. காலனிச் செயலர் ஸ்டூவர்ட் லாக்ஹார்ட் எதிர்த்தவர்களின் சொத்தைப் பறிக்கவேண்டும் என்றார். பிளேக் அதற்கு இசையவில்லை, அதே பெரியவர்களை அணைத்துக்கொண்டு ஆளத்தான் விரும்பினார். சண்டையைச் சிறிதாகக் காட்டுவதில் அவருக்கும் லாபம், நிலத்தையும் கதவையும் காப்பாற்றவேண்டிய பெரியவர்களுக்கும் லாபம். இரு தரப்பும் கூடிப் பேசாமலே ஒரே பொய்யில் வந்து நின்றன. பிங் ஷானில் எதிர்ப்புக்குக் கூட்டம் கூடிய தாத் தாக் மண்டபத்தில் மட்டும் இறந்தவர்களுக்கென்று ஒரு சன்னிதி வைத்திருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு அங்கே போகிறேன்.

கதவின் படம் இரண்டு இத்துடன் வைத்திருக்கிறேன். எது எந்த ஊர்க் கதவு என்று கண்டுபிடிக்க முடிகிறதா பார். அந்த 18ஆம் தேதிக் கேள்விக்கு, வழக்கம்போல் நக்கலாக இல்லாமல், நான்கு வரியாவது ஒழுங்காக எழுது. உன் எழுத்து புரியாது. தங்கச்சியை விட்டு எழுதச் சொல்.

அன்புடன்,
மணி