ரணிலுக்கு ஒரு ‘சி’

அல்சூர், பெங்களூர்
19.01.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்களும் அம்மாவும் நலமாயிருக்க நல்லூர்க் கந்தன் துணை.

பொங்கலன்று எடுத்தபோது லைன் வெட்டி வெட்டி வந்ததில் பாதிதான் விளங்கியது. விளங்கிய பாதியிலும் முக்கால்வாசி எங்கள் முன்னாள் ஜனாதிபதி ரணில். "நாட்டைத் தூக்கி நிறுத்தினது ஒருத்தன், பேர் வாங்கிறது இன்னொருத்தன்" என்று நீங்கள் போட்ட சத்தம் பக்கத்தில் இருந்த மாமாவுக்கும் கேட்டுவிட்டது. போனில் உங்களோடு வாதாடி வென்றவர் எங்கள் குடும்பத்திலேயே இல்லை. அதனால்தான் கடிதம். இதில் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே வர ஏலாது.

அம்மாவுக்காக முதலில் இங்கத்தைய பாடு. மார்கழி முழுக்க நல்ல குளிர். விடியற்காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வாசலுக்குப் போக முடியாது. அல்சூரில் தமிழ் கேட்காத தெரு இல்லை. ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை ஒன்று இருக்கிறது. பதினெட்டு வருசம் மூடிக் கிடந்து 2009 ஓகஸ்டில்தான் திறந்தார்களாம். காய்கறிக்காரர், ஓட்டோக்காரர், அயன் கடைக்காரர் எல்லாரும் தமிழ்தான். ஆனால் நான் வாயைத் திறந்ததும் "கேரளாவாம்மா?" என்கிறார்கள். அம்மா கேட்ட பால் விசயம்: இங்கே பால்மாவை ஒருவரும் தேடுவதில்லை. விடிய ஐந்தரைக்கு நந்தினி பால் பக்கெட் கேற்றில் தொங்கும் பைக்குள் விழுந்துவிடும். மிஞ்சினதை மாமி தயிருக்கு உறை ஊற்றி வைப்பார். 2022 இல் ஒரு பக்கெட் பால்மாவுக்கு நானும் அம்மாவும் கடை கடையாக ஏறி இறங்கினதைச் சொன்னால் மாமி கதை என்று நினைக்கிறார்.

கீரை விற்கிற அம்மாவின் கூடையில்கூட கியூஆர் அட்டை தொங்குகிறது. வந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு "வாரத்துக்கு எத்தனை லீற்றர் தருவா?" என்று இவரிடம் கேட்டேன். பகிடி அவருக்கு விளங்கவில்லை. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் மோட்டார்சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று தொடங்கின எங்கள் எரிபொருள் அட்டையைப் பற்றி உட்கார வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

பஸ் கதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வழக்குக்கு அது உதவும். 2023 ஜூனில் கர்நாடக அரசு ‘சக்தி’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. மாநிலத்துப் பெண்களுக்கு அரசாங்கத்தின் சாதாரண பஸ்களில் இலவசம். மாமிக்கு கண்டக்டர் பூச்சிய ரூபாய் டிக்கெட் கொடுப்பார். எனக்கு இந்த ஊர் அட்டை இன்னும் இல்லாததால் காசு. இந்த மாதம் 5 ஆம் திகதி கட்டணத்தை 15 சதவீதம் ஏற்றிவிட்டார்கள். "மாமி கொடுக்காததையும் சேர்த்து நான்தான் கொடுக்கிறேன்" என்று மாமாவிடம் சொன்னேன். சிரித்தார். பேர் முதலமைச்சருக்கு, பில் எனக்கு.

சரி, விசயத்துக்கு வருகிறேன். மன்மோகன் சிங் டிசெம்பர் 26 அன்று காலமானதிலிருந்து இந்த வீட்டில், அவர் நிதியமைச்சராகிப் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட 1991 தான் பேச்சு. பொங்கலுக்கு மாமாவின் தம்பி ஸ்ரீராமபுரத்திலிருந்து வந்திருந்தார். அவர் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருப்பவர். இன்றைய பெங்களூரே மன்மோகன் போட்ட பிச்சை என்பது அவர் கட்சி. மாமா எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யூனியன்காரர். விடுவாரா? "டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இங்கே வந்தது 85ல. எலக்ட்ரானிக் சிட்டி அதுக்கும் முந்தி. எச்.ஏ.எல்., டெலிபோன் பண்ற ஐ.டி.ஐ.ன்னு நேரு காலத்துலருந்து ஆளுங்களைப் பழக்கி வெச்சிருந்தோம். அதையெல்லாம் யார் கணக்குல எழுதுவே?" என்றார்.

பிறகு தங்கக் கதை. அந்த வருசம் இந்தியாவிடம் இரண்டு வார இறக்குமதிக்குத்தான் டொலர் இருந்ததாம். மே மாதத்தில் சந்திரசேகர் அரசு 20 தொன் தங்கத்தை சுவிட்சர்லாந்து வங்கி ஒன்றுக்கு அனுப்பியது. நரசிம்ம ராவ் பிரதமரான பிறகு ஜூலையில் ரிசர்வ் வங்கி இன்னொரு 47 தொன்னை இங்கிலாந்து வங்கியில் அடகு வைத்தது. ரிசர்வ் வங்கியின் அப்போதைய ஆளுநர் வெங்கிடரமணன், துணை ஆளுநர் ரங்கராஜன், இரண்டு பேரும் தமிழர்கள் என்பதைச் சொல்லும்போது மட்டும் அண்ணன் தம்பி இருவரும் ஒரே கட்சி. "சந்திரசேகர் பேரை இன்னிக்கு எவன் சொல்றான்?" என்று மாமா கேட்டார். தம்பி அதற்குச் சொன்னது எனக்குப் பிடித்தது: "ஜூலை ஒண்ணாந்தேதி ரூபாய் மதிப்பைக் குறைச்சு, மூணாந்தேதி திரும்பவும் குறைச்சாங்களே, அந்த நாற்காலியில நீ இருந்தா குறைச்சிருப்பியா?" மாமா பேச்சை மாற்றினார்.

அந்த நேரம் வடையோடு வந்த மாமி தட்டை வைத்துவிட்டு, "உங்களுக்கெல்லாம் தொண்ணூத்தொண்ணுன்னா மன்மோகன். எனக்கு அந்த டிசம்பர்தான்" என்றார். காவிரிக் கலவரம். ஸ்ரீராமபுரத்தில் விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளை அழாமல் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறார். எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மா பின்பக்கத்தால் சோறு கொடுத்தாராம். 83 கலவரத்தைப் பார்த்த உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சீர்திருத்தம் நடந்த அதே வருசம், அதே ஊர், அந்த மனுசிக்கு நினைவில் நிற்பது வேறு.

இனி உங்கள் ரணில். திகதி வாரியாகப் போவோம். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதத்தையும் நம்பாமல் சங்கக்கடை நடத்தினவர் நீங்கள்.

நந்தலால் வீரசிங்க மத்திய வங்கி ஆளுநராக வந்தது 2022 ஏப்ரல் 7. மறுநாளே வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி ஏற்றினார். ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்டமாட்டோம் என்று அறிவித்தார்கள். அப்போது ஜனாதிபதி யார்? கோட்டாபய. ரணில் பாராளுமன்றத்தில் தன் கட்சிக்கு ஒரே ஆளாக, அதுவும் தேசியப் பட்டியலில், உட்கார்ந்திருந்தார். அவர் பிரதமரானது மே 12. நாட்டைத் திருப்பின இரண்டு பெரிய முடிவுகளும் அவர் கதவைத் திறக்க ஒரு மாதம் முன்னமே எடுத்தாகிவிட்டது. கடன் கட்டாமல் விட்டால் கையில் கொஞ்சம் டொலர் நிற்கும்; அந்த டொலரில்தான் எண்ணெய்க் கப்பலுக்குக் காசு கட்டினார்கள். அதோடு அந்த வருசம் இந்தியா கடனாகவும் கால அவகாசமாகவும் கொடுத்தது சுமார் 400 கோடி டொலர். தமிழ்நாடு தனியாக அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்பியது; முதல் கப்பல் மே 18 அன்று சென்னையிலிருந்து புறப்பட்டது. அந்த அரிசிச் சாக்கை அம்மா இன்னும் வைத்திருக்கிறாவா?

ரணில் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. சர்வதேச நாணய நிதியத்தின் கிட்டத்தட்ட 300 கோடி டொலர் திட்டத்துக்கு 2023 மார்ச் 20 அன்று அனுமதி வாங்கினது அவர் அரசு. வற் வரியை 8 இலிருந்து 12, 15, கடைசியில் 2024 ஜனவரியில் 18 ஆக்கினது அவர். மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் திரும்ப 66 சதவீதம் ஏறியது. மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340. குருநகரில் மீன்பிடி வள்ளங்கள் எண்ணெய் வாங்க ஏலாமல் கரையில் கிடந்ததை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். வாக்குக் கேட்க வேண்டிய எந்த அரசியல்வாதியும் விரும்பிச் செய்கிற வேலை இல்லை இது. சின்ன மாமா சொன்ன நாற்காலிக் கதைதான்.

ஆனால் இந்தக் காசை ரணில் தன் மடியிலிருந்து எடுத்துக் கொடுக்கவில்லையே அப்பா. 2023 இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது கை வைத்தது ஊழியர் சேமலாப நிதியில். வங்கிகள் வைத்திருந்த பிணைமுறிகளை, அதாவது அரசின் கடன் பத்திரங்களை, தொடாமல் விட்டார்கள். கிளிநொச்சியில் உடுப்புத் தைக்கப் போகிற பக்கத்து வீட்டு அக்காவின் முதுமைக்கால வட்டி அதில் போயிருக்கிறது. அவவுக்கு அது தெரியுமோ என்னவோ. உலக வங்கிக் கணக்குப்படி நாட்டில் ஏறக்குறைய நாலில் ஒருவர் வறுமையில். 2019 இல் இருந்ததைப் போல இரண்டு மடங்கு.

விலைவாசிக் கணக்கிலும் ஒரு விளையாட்டு இருக்கிறது. பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதம். சரியாக இரண்டு வருசத்தில் பூச்சியத்துக்கும் கீழே. நீங்கள் இதைப் போனில் வாசித்துக் காட்டினீர்கள். அதே மூச்சில் அம்மா பின்னாலிருந்து தேங்காய் விலை சொன்னா. இரண்டும் உண்மைதான். வீக்கம் நின்றது என்றால் விலை ஏறுவது நின்றது. ஏறின விலை ஏறின இடத்தில்தான் நிற்கிறது. சம்பளம் அங்கே ஏறிப் போய்ச் சேரவில்லை. பொருளாதாரமும் அப்படித்தான். 2022 இல் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கி, 2023 இல் இன்னும் 2.3 சுருங்கி, போன வருசம் திரும்ப வளரத் தொடங்கியிருக்கிறது. வளர்ச்சி நல்ல எண்தான், ஆனால் 2018 இல் நின்ற இடத்தை இன்னும் தொடவில்லை.

இப்போது நம் வீட்டுக் கதை. அண்ணா கனடாவிலிருந்து காசு அனுப்பின விதத்தை நினைத்துப் பாருங்கள். டொலரை 200 சொச்சத்தில் கட்டிவைத்திருந்த காலத்தில் வெளியே அதைவிட நாற்பது ஐம்பது ரூபாய் கூடக் கிடைத்தது. எவன் வங்கிக்குப் போவான்? எல்லாரும் உண்டியல், வங்கிக்கு வெளியால் ஆட்கள் மூலம் காசு மாற்றுகிற வழி. மருதனார்மடத்துக் கடையில் பேப்பரில் சுற்றித் தந்த காசை நீங்கள் சேர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் வந்தீர்கள். அண்ணா போல எத்தனை லட்சம் பேரின் டொலர் நாட்டுக்குள் வராமலேயே போனது! 2022 மார்ச்சில் கட்டை அவிழ்த்தார்கள். டொலர் 360 வரை ஓடியது. பிறகு உண்டியலுக்கும் வங்கிக்கும் வித்தியாசம் தேய்ந்தது, காசு வங்கிக்குத் திரும்பியது. வெளிநாட்டிலிருந்து வந்த பணம் 2022 இல் சுமார் 380 கோடி டொலர், 2023 இல் கிட்டத்தட்ட 600 கோடி. நாணய நிதியம் நாலு வருசத்தில் பிரித்துப் பிரித்துத் தருவதைப் போல இரண்டு மடங்கு, ஒரே வருசத்தில். அதுவும் கடன் இல்லை. 2022 இல் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலைக்கென்று பதிந்து வெளிநாடு போனார்கள். குவைத்தில் வீட்டுவேலை செய்கிற பெண்ணும் கட்டாரில் கொங்கிறீற் சுமக்கிற பெடியனும் சேர்ந்து நிறுத்தின ரூபாய் இது. அவர்களுக்கு விழா எடுக்க ஒருவரும் இல்லை.

அரசு செய்தது என்ன என்றால், பொய் விலையைப் பிடித்து வைத்திருப்பதை விட்டது. அவ்வளவுதான். ஆனால் அந்த "அவ்வளவுதான்" எங்கள் நாட்டில் சின்ன விசயம் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். 2019 முடிவில் வற் வரியை 15 இலிருந்து 8 ஆக்கிக் கஜானாவைக் காலியாக்கினார்கள். 2021 இல் இரவோடிரவாக உரத்தைத் தடைசெய்து வயலையும் தேயிலையையும் படுக்க வைத்தார்கள். கேட்க ஆளில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் வந்து, நந்தலாலை வேலை செய்ய விட்டு, தேர்தல் வருகிறதே என்று வரியைக் குறைக்காமல் இருந்தால், அதற்குப் புள்ளி போடத்தான் வேண்டும். கெடுக்காமல் இருந்ததற்கான புள்ளி.

அதே புள்ளியை இப்போது ஜனாதிபதியாக வந்திருக்கிற அநுரவுக்கும் போடுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். மேடையில் நாணய நிதியத் திட்டத்தைத் திருத்துவோம் என்றவர், கதிரையில் ஏறின பிறகு அதைக் கலைக்கவில்லை. பிணைமுறிக்காரர்களோடு ரணில் காலத்தில் பேசிவைத்ததைத் தூக்கி எறியாமல் போன மாதம் முடித்தும் வைத்தார். முந்தாநாளிலிருந்து மின்கட்டணம் 20 சதவீதம் குறைகிறதாம். அதற்கு அவர் பேர் வாங்குவார், நீங்கள் கத்துவீர்கள். நீர்மின் அணைகளை நிரப்பின மழையை இரண்டு பேரும் மறந்துவிடுவீர்கள்.

செப்டெம்பர் தேர்தலில் ரணிலுக்கு 17 சதவீதம் கொடுத்து மூன்றாமிடத்தில் விட்டதற்காக "நன்றிகெட்ட சனம்" என்றீர்கள். ராவின் காங்கிரசும் 1996 இல் தோற்றதுதான். இரண்டு தேர்தலிலும் நன்றிகேட்டை விட வேறு காரணம் இருந்தது. ரணிலைக் கோட்டாபயவின் ஆட்கள்தான் பாராளுமன்றத்தில் 134 வாக்குப் போட்டு ஜனாதிபதியாக்கினார்கள். சனம் அதை மறக்கவில்லை. வீட்டைக் கொளுத்தினவனோடு கூட்டுச் சேர்ந்து தண்ணீர் ஊற்றினால், தண்ணீர் ஊற்றினதற்கு முழு நன்றி எதிர்பார்க்க முடியாது.

ஆகவே என் தீர்ப்பு: சாதாரண தரப் பரீட்சை போல ரணிலுக்கு ஒரு ‘சி’. திறமைச் சித்தி. ‘ஏ’ கேட்டு மறு மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்காதீர்கள்.

அண்ணாவிடம் சொல்லுங்கள், இனி வங்கியாலேயே அனுப்பட்டும். இப்போது வித்தியாசம் ஒன்றும் இல்லை, உங்களுக்கும் சேர்ட்டுக்குள் காசு வைத்துக்கொண்டு சைக்கிள் உழக்கும் வயதில்லை. அம்மாவின் கண் மருந்து தெரிந்த ஒருவர் கையில் கொடுத்து விடுகிறேன், பெப்ரவரி முதல் கிழமை கிடைக்கும். மாமாவுக்கு உங்களோடு நேரே கதைக்க வேண்டுமாம். ஞாயிறு பின்னேரம் எடுப்பார். சந்திரசேகரையும் 20 தொன் தங்கத்தையும் கொண்டுதான் வருவார், ஆயத்தமாக இருங்கள்.

அன்பு மகள்