மேஜர் ஹாலண்டுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய மேஜர் பிராங்க் ஹாலண்ட் அவர்களுக்கு,

1943-ல் பசிபிக் கடலில் ஜப்பானியர் பிடித்துவைத்திருந்த தராவா தீவுக்கூட்டத்தை அமெரிக்கர்கள் தாக்கிய சண்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் உங்களை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: எச்சரித்தார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் பாதி சரி. இரண்டாவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தராவாவின் கடல் ஏறுவதையும் வற்றுவதையும் 15 ஆண்டுகள் பார்த்தவர் நீங்கள். அமெரிக்கர்கள் இறங்கவேண்டிய பெத்தியோ தீவைச் சுற்றியுள்ள பவளத்திட்டின் மேல் ஐந்தடித் தண்ணீர் நிற்கும் என்று மற்றவர்கள் சொன்னபோது, மூன்றடிகூடத் தேறாது என்றீர்கள். வீரர்களைக் கரையில் இறக்கும் ஹிக்கின்ஸ் படகு, ஆளேற்றிய பிறகு, தரைதட்டாமல் போக நாலடியாவது வேண்டும்.

கரையிறங்கிய படைக்குத் தலைமை தாங்கிய கர்னல் டேவிட் ஷூப் உங்களை நம்பினார். கரைக்கு நடந்தே போகவேண்டி வரலாம், பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று வீரர்களுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டது. பவளத்தின் மேல் ஊர்ந்து ஏறும் ஆம்ட்ராக் வண்டிகள் இருந்தே தீரவேண்டும் என்று ஜெனரல் ஹாலண்ட் ஸ்மித் (உங்கள் பெயரேதான்!) கடற்படையோடு மல்லுக்கு நின்றார். கிடைத்தவை சுமார் 125. முதல் மூன்று அலைகளுக்குத்தான் அவை காணும். பின்னால் வந்தவர்களுக்குப் படகுதான்.

மாறாதது தேதி. அடுத்து மார்ஷல் தீவுகளைப் பிடிக்கவேண்டும், கால அட்டவணை இடம் தரவில்லை. 1943 நவம்பர் 20, தேய்பிறை அரைநிலா. நம் பஞ்சாங்கத்தில் அஷ்டமியை ஒட்டிய நாள். கடல் அதிகம் ஏறாமல் சோம்பிக் கிடக்கும் சமயம். போதாக்குறைக்கு நிலாவும் பூமியைவிட்டு வெகுதொலைவில் இருந்தது; அதன் இழுப்பு இன்னும் குறைவு. இவை இரண்டும் அப்படிச் சேர்ந்து வந்தது அந்த ஆண்டில் இரண்டே முறை என்று பின்னாளில் டொனால்ட் ஓல்சன் என்ற இயற்பியலாளர் கணக்கிட்டார். அந்தக் கணக்கு இல்லாமலே நீங்கள் சரியாகச் சொல்லியிருந்தீர்கள்.

படகுகள் திட்டில் தட்டி நின்றன. ஏறத்தாழ ஐந்நூறு கெஜம், துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி தண்ணீரில் நடந்தார்கள். எதிரே இயந்திரத் துப்பாக்கிகள். முதல் நாள் போன சுமார் 5,000 பேரில் 1,500 பேர் இருட்டுவதற்குள் செத்தோ அடிபட்டோ விழுந்திருந்தார்கள். மறுநாள் நண்பகல் வாக்கில்தான் தண்ணீர் ஏறியது.

76 மணி நேரத்தில் தீவு விழுந்தது. அமெரிக்கர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர் மாண்டார்கள். எதிர்த்தரப்பில், கொரியக் கூலியாட்களையும் சேர்த்துச் சுமார் 4,700 பேர். உயிரோடு பிடிபட்டவர்கள் 146, அதில் 129 பேர் கொரியர்கள். அவர்களில் எத்தனை பேர் விரும்பி வந்திருப்பார்கள்?

உங்களை நம்பியவர்கள் இருந்தார்கள், மேஜர். தேதி அவர்கள் கையில் இல்லை. தேதியைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு மூன்றடி என்பது ஒரு கருத்து, அவ்வளவுதான். என் கோபம் அவர்கள் மேல். ஷூப் மேல் இல்லை.

இரண்டே மாதம் கழித்து மார்ஷல் தீவுகளில் உள்ள குவாஜலீனில், தாக்குதலுக்கு முன்பே கடற்படை ஆட்கள் நீந்திப் போய்ப் பவளத்திட்டை நேரில் பார்த்துவிட்டு வந்தார்கள். ஆழம் எத்தனை அடி என்று அறை போட்டு வாதிடும் வேலை அதோடு குறைந்தது.

மரியாதையுடன்,
ஒரு வாசகன்