மாணிக்கம் இன்னும் தூங்குகிறான்

கோயம்புத்தூர்,
ஜூன் 14

அன்புள்ள மூர்த்திக்கு,

வாட்ஸ்ஆப்பில் எழுதினால் இரண்டு நீல டிக்தான் பதில். மூன்று மாதமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் கடிதம். இதை நீ பாதியில் மடித்து வைத்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை, இரண்டு பேருக்கும் நிம்மதி.

முதலில் வீட்டுச் சேதி. அம்மாவுக்கு இரண்டு வருஷம் முன்னால் கண்புரை ஆபரேஷன் ஆனது உனக்குத் தெரியும். இந்தச் சித்திரையில் மறுபடியும் மங்கலாக இருக்கிறது என்றார்கள். லென்ஸுக்குப் பின்னால் இருக்கிற உறையில் படலம் படிந்திருக்கிறது, யாக் லேசர் அடித்தால் போதும் என்றார் டாக்டர். அஞ்சு நிமிஷ வேலை. கத்தி இல்லை, கட்டு இல்லை. ஆட்டோவில் திரும்பி வரும்போது அம்மா கேட்டார்கள்: "செவப்பா ஒரு புள்ளி தெரிஞ்சுது. அப்பறம் டிக் டிக்குன்னு சத்தம் கேட்டுது. எப்படா சுட்டாங்க?"

அந்த ஆட்டோவில்தான், நாம் எழுதி எழுதி ஆடுகிற விண்வெளிக் கப்பல் ஆட்டத்தின் குழுவில் நீ சொன்னது எனக்கு உறைத்தது.

சிரிக்காதே. சிவப்புப் புள்ளி வெறும் குறி காட்டுவதற்கு. படலத்தைக் கிழித்த லேசர் 1064 நானோமீட்டர், மனிதக் கண்ணுக்குத் தெரியாது. என் பட்டறையில் இருக்கிற ஃபைபர் லேசரும் ஏறக்குறைய அதே அலைநீளம், 1070. தினமும் அதோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். அதிலும் சிவப்புப் புள்ளி வழிகாட்டிதான், பறக்கிற பொறி உருகின இரும்புடையது. லேசரை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. இத்தனை தெரிந்தவன், ஆட்டத்தை நடத்துகிற ரெஃபரியாக எழுதினேன் பார்: "எதிரிக் கப்பலிலிருந்து சிவப்புக் கோடு சீறி வருகிறது. என்ன செய்கிறீர்கள்?" கப்பலை இடது பக்கம் ஒடிக்கிறேன் என்று ரவி எழுத, இரண்டு பகடையில் ஒன்பது விழ, "தப்பித்தீர்கள்" என்று தாராளமாக நானும் தீர்ப்புச் சொன்னேன்.

நீ எழுதியது எனக்கு மனப்பாடம். "கோடு உன் கண்ணுக்குத் தெரிஞ்சா அது ஏற்கெனவே உன் மேல பட்டாச்சுடா. வெளிச்சம் வருதுங்கிற சேதி வெளிச்சத்துக்கு முன்னால எதுல வந்துது, டவுன் பஸ்லயா?" எழுதிவிட்டுக் குழுவை விட்டுப் போய்விட்டாய்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அதை எனக்குத் தனியாகச் சொல்லியிருக்கலாம். ரவியின் மகள் நிலா முன்னால், முதல் முறையாக ஆட வந்த பெண் முன்னால், ரெஃபரியை டவுன் பஸ்ஸில் ஏற்றியிருக்க வேண்டாம். சரி, விடு.

ஆட்டம் நிற்கவில்லை. அதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். டிராவலர் என்கிற அந்த விண்வெளிக் கதை ஆட்டத்தின் அதே விதிகள்தான், 1977-ல் வந்த அதே இரண்டு ஆறுமுகப் பகடை. அதே 'நொய்யல்' கப்பல். ரவி இப்போது சமையல்காரனாக ஆடுகிறான். அவனுடைய முதல் பாத்திரம் உருவாக்கும்போதே செத்துப்போனது ஞாபகம் இருக்கிறதா? பழைய விதிப்படி ராணுவத்தில் ஒரு தவணை கூடுதலாகக் கேட்டு, பகடை சரியாக விழாமல், ஆட்டம் தொடங்கும் முன்பே காலி. இன்னும் துக்கம் காக்கிறான். யாழ்ப்பாணத்துக் கண்ணன்தான் எஞ்சினியர். நிலா கேப்டன் ஆகிவிட்டாள்.

அங்கே ஒரு வேடிக்கை. இங்கிலீஷில் ஆடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, 'யூ' என்றால் முடிந்தது. நமக்கு நீயா, நீங்களா என்று முதல் வரியிலேயே முடிவு செய்ய வேண்டும். நிலாவுக்குப் பத்தொன்பது வயசு, நாங்கள் எல்லாம் அரைக் கிழம். இப்போது இரண்டு அறை வைத்திருக்கிறோம். 'கதை' அறையில் பாத்திரமாக மட்டும் எழுத வேண்டும், 'திண்ணை' அறையில் நாமாகப் பேசலாம். கதையில் ரவி "கேப்டன், நீங்க உத்தரவு குடுத்தா காபி போடறேனுங்க" என்று எழுதுகிறான். திண்ணைக்கு வந்ததும் "கண்ணு, எக்ஸாமுக்குப் படிச்சியா?" என்கிறான். அவள் கதையில் அவனை "நீ" என்றுதான் சொல்கிறாள். முதல் வாரம் ரவியின் மனைவிக்கு அது பிடிக்கவே இல்லை.

வேளைதான் பெரிய பாடு. ரவி இருக்கிற சிங்கப்பூர் எங்களுக்கு இரண்டரை மணி முன்னால், நீ ஒன்பதரை மணி பின்னால், பனிக்காலத்தில் பத்தரை. யார் முதலில் எழுதுகிறானோ அவன் வைத்ததே சட்டம் என்று ஆகிவிட்டது. சிங்கப்பூர் விழித்து ஒரு சண்டையை முடித்துவிடும், கண்ணன் எழுந்து பார்த்தால் எஞ்சின் எரிந்திருக்கும். "என்ர எஞ்சினை என்னைக் கேக்காமல் எரிச்சுப் போட்டீங்கள்" என்று நியாயமாகவே சண்டைக்கு வந்தார். இப்போது சண்டைக் கட்டம் வந்தால் எல்லோரும் உத்தரவை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டும். ஞாயிறு மாலை எல்லாவற்றையும் ஒன்றாகத் திறப்பேன். எதிராளி என்ன செய்தான் என்பதைப் பழைய சேதியை வைத்து ஊகித்துத்தான் எழுத வேண்டும். தூரத்துக் கப்பலைப் பார்க்கிறவனுக்கும் அதுதானே கதி? மூணு லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிற கப்பலை நீ பார்ப்பது ஒரு செகண்ட் பழைய படம்.

இனி உன் பங்குக்கு ஒரு குட்டு. கோபத்தில் போகிறபோது இன்னொன்றும் சொன்னாய்: "விலகணும்னா பார்த்து விலக முடியாது. கண்டபடி வளைஞ்சு வளைஞ்சு போகணும், எதிரி ஊகிக்க முடியாதபடி." அதையே விதியாக்கலாம் என்று ஒரு ராத்திரி கணக்குப் போட்டேன். அவன் நம்மைப் பார்த்துச் சுட்டு, அது இங்கே வந்து சேர இரண்டு செகண்ட். பூமியின் ஈர்ப்பு அளவுக்கு முடுக்கம் கொடுத்தால் அதற்குள் கப்பல் சுமார் 20 மீட்டர் நகரும். ஆகா, தப்பிக்கலாம் என்று தோன்றியது. அப்புறம் கதிர் விரிவதைப் போட்டுப் பார்த்தேன். ஒரு மீட்டர் கண்ணாடி, ஒரு மைக்ரான் அலைநீளம் என்று வைத்தால், அந்தத் தூரத்தில் வெளிச்ச வட்டத்தின் குறுக்களவு 730 மீட்டர்! இருபது மீட்டர் நகர்ந்து என்ன ஆகப்போகிறது? ஆனால் பட்டும் ஒன்றும் ஆகாது. பத்து லட்சம் வாட் லேசரை அந்த வட்டத்தில் பரப்பினால் சதுர மீட்டருக்கு இரண்டரை வாட்கூட வராது. நம்ம பக்கத்து விண்வெளியில் சூரியனே 1361 வாட் அடிக்கிறது.

பத்து மீட்டர் கண்ணாடி வைத்து முப்பதாயிரம் கிலோமீட்டருக்கு வந்தால் சூடு கொஞ்சம் உறைக்கும், சதுர மீட்டருக்கு இருபத்துநாலாயிரம் வாட் போல. ஆனால் அங்கே போய்வரும் நேரம் செகண்டில் ஐந்தில் ஒரு பங்கு. கப்பல் ஒரு சாண் நகரும், அவ்வளவுதான். ஆக, விலக முடிகிற தூரத்தில் விலகத் தேவையில்லை, விலகத் தேவையான தூரத்தில் விலக முடியாது. என் தப்பு ஒரு வகை, உன் தப்பு இன்னொரு வகை. விலகுகிற விதியையே அடித்துவிட்டேன்.

அது போனதும் ஆட்டம் வேறு திக்கில் திரும்பியது. கண்ணன்தான் கேட்டார்: "லேசர் சுடேக்க சூடு எங்க போகுது?" எனக்கு உடனே பட்டறை லேசரைக் குளிர்விக்கிற என் சில்லர் ஞாபகம் வந்தது. மே மாசம் மத்தியான வெயிலில் அது டிரிப் ஆகி, ஆர்டர் கொடுத்தவன் வாசலில் நின்ற கதையை உனக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வாங்குகிற கரண்ட்டில் மூன்றில் ஒரு பங்குதான் லேசராகப் போகிறது, மிச்சமெல்லாம் சூடு. பட்டறையில் அதைத் தண்ணீரில் இழுத்துக் காற்றில் விட்டுவிடலாம். விண்வெளியில் காற்று ஏது? கதிர்வீச்சாகத்தான் வெளியே போக வேண்டும். இருபது லட்சம் வாட் சூட்டை 400 கெல்வினில் கழிக்க, இரண்டு பக்கமும் வீசுகிற தகடு சுமார் 700 சதுர மீட்டர் வேண்டும். கிட்டத்தட்ட ஒன்பது ஷட்டில் கோர்ட். அதை விரித்தால் அதுவே குறி, விரிக்காவிட்டால் நாமே வெந்துபோவோம். கண்ணன் இப்போது கணக்குப் புத்தகம் மாதிரி ஒரு ஷீட்டில் ஒவ்வொரு சுடலுக்கும் சூட்டை வரவு வைக்கிறார். கேப்டனே ஆனாலும் அவர் கையெழுத்து இல்லாமல் சுட முடியாது.

ரவி ஒரு யோசனை சொன்னான்: கப்பலைச் சுற்றிப் பளபளவென்று கண்ணாடித் தகடு ஒட்டிவிடலாம், லேசர் திரும்பிப் போய்விடும். பிரியாணிப் பொட்டலம் மாதிரி. கொஞ்சம் உதவும், பொய் இல்லை. பித்தளையும் செம்பும் வெட்டும்போது எங்களுக்கே பயம், கதிர் திரும்பி வந்து மிஷினையே பதம் பார்க்கும். ஆனால் நூற்றுக்கு நூறு திருப்புகிற கண்ணாடி கிடையாது. ஒரு தூசி உட்கார்ந்த இடத்தில் சூடேறிக் கருத்தால் அங்கிருந்து கெட்டுக்கொண்டே போகும். தவிர, உலோகப் பளபளப்பு தன் சூட்டையும் வெளியே விடாது. பொட்டலத்துக்குள் பிரியாணி ஏன் ஆறாமல் இருக்கிறது என்று கேட்டேன். சமையல்காரனுக்கு உடனே புரிந்துவிட்டது.

போன மாசச் சண்டையைக் கேள். சண்டையே இல்லை என்பதுதான் கேட்க வேண்டியது. சுரங்கக் கப்பல் ஒன்று நம்ம எஞ்சின் பாகத்தை வைத்துக்கொண்டு தர மறுக்கிறது. மூணு லட்சம் கிலோமீட்டர் தூரம், ரேடியோவுக்குப் பதில் இல்லை. ரவி கிட்டே போய் மிரட்டலாம் என்கிறான், கண்ணன் தகட்டை விரிக்க முடியாது என்கிறார். ஞாயிற்றுக்கிழமை உறையைத் திறந்தால் நிலாவின் உத்தரவு: "ஆயுத லேசரை மிகக் குறைந்த சக்திக்கு இறக்கு. அதில் சேதி அனுப்பு." அந்த இரண்டரை வாட்டில் துளி போதும், அவர்கள் தொலைநோக்கியில் நாம் ஒரு நட்சத்திரத்தைவிடப் பளிச்சென்று தெரிவோம், அதை அணைத்து அணைத்து எழுதலாம் என்று விளக்கம் வேறு. எங்கிருந்து பிடித்தாய் என்று திண்ணையில் கேட்டேன். நாசாவின் சைக்கி விண்கலத்திலிருந்து பூனைப் படம் வந்ததே மாமா, அதுதான் என்றாள்.

நீயும் பார்த்திருப்பாய். 2023 டிசம்பரில், 3 கோடியே 10 லட்சம் கிலோமீட்டரிலிருந்து, ஒரு பூனை லேசர் புள்ளியைத் துரத்துகிற வீடியோ லேசரிலேயே வந்தது. வந்து சேர 101 செகண்ட். அனுப்பியது நாலு வாட் லேசர்தான், நம்ம வீட்டு நைட் லேம்ப். பிடித்தது பாலோமர் மலையில் இருக்கிற ஐந்து மீட்டர் தொலைநோக்கி. நான் ஆயுதம் ஆயுதம் என்று மூன்று மாதம் கணக்குப் போட்டேன். அவளுக்கு அது முதலிலிருந்தே விளக்காகத்தான் தெரிந்திருக்கிறது.

சுரங்கக் கப்பலிலிருந்து பதில் வந்தது. பாகத்தைத் தருகிறார்கள். பதிலுக்கு அவர்கள் குழாயில் அடைத்திருக்கிற பாறையை நம்ம லேசரால் துளைத்துத் தர வேண்டும். அங்கேதான் சிக்கியிருக்கிறேன். பட்டறையில் உருகினதை நைட்ரஜன் ஊதித் தள்ளிவிடும். விண்வெளியில் ஊத ஆள் இல்லை. அதனால் அம்மாவின் கண்ணுக்கு அடித்த மாதிரி விட்டு விட்டு, துடிப்பு துடிப்பாக அடிக்கலாம் என்று வைத்தேன். அதில் இரண்டு மில்லிஜூல், நாலு நானோ செகண்ட், அந்தக் கணத்துக்கு மட்டும் ஐந்து லட்சம் வாட்! (அம்மாவிடம் இந்த எண்ணைச் சொல்லவில்லை.) ஆனால் ஒரு துடிப்பில் கிளம்பின ஆவி கலைவதற்குள் அடுத்த துடிப்பு வந்தால் அந்த ஆவியே அதை விழுங்கிவிடும். செகண்டுக்கு எத்தனை துடிப்பு வரை போகலாம்? பாறை என்றால் எவ்வளவு, பனி என்றால் எவ்வளவு? கண்ணனும் நானும் ஆளுக்கொரு எண் வைத்திருக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

இதற்கு 'நொய்யல்' கப்பலில் ஒரு ஆயுத அதிகாரி இருந்தான். நீ அவனுக்கு மாணிக்கம் என்று பேர் வைத்தபோது ஏதோ ரஜினி நினைப்பு என்று விட்டுவிட்டேன். போன வாரம்தான் பொறி தட்டியது: 1960-ல் மைமன் எரியவிட்ட முதல் லேசரே மாணிக்கக் கல்தானே! இதைச் சொல்லாமல் இத்தனை மாசம் நீ உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

அவனை நான் கொல்லவில்லை. நீ போன அன்றைக்கே குளிர்த் துயிலில் படுக்கவைத்தேன். அந்தப் பெட்டியின் கரண்ட் செலவைக் கண்ணன் ஒவ்வொரு வாரமும் முணுமுணுத்துக்கொண்டே ஷீட்டில் எழுதுகிறார், நீக்கச் சொல்லவில்லை. திண்ணையில் உன் பேர் அப்படியே இருக்கிறது.

ஞாயிறு எங்களுக்கு மாலை 5, உனக்குக் காலை 7.30. எழுந்திருக்க முடியாவிட்டால் துடிப்புக் கணக்கை மட்டுமாவது எனக்குத் தனியாக அனுப்பு.

அன்புடன்,
சண்முகம்

பி.கு: அம்மா உன்னை விசாரித்தார்கள். இப்போது சுவரில் ஊர்கிற எறும்புகூடத் தெரிகிறதாம். வீட்டை யார் பெருக்குவது என்று நேற்றிலிருந்து சண்டை.