பேத்திக்குக் கிடைத்த முதல் பால்

பழைய வண்ணாரப்பேட்டை,
18.11.2024

அன்புள்ள வசந்தாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். 30 வாரத்திலேயே 1,300 கிராம் எடையோடு பிறந்த என் பேத்தி, ஐந்து வாரம் மருத்துவமனையில் இருந்துவிட்டுப் போன வெள்ளிக்கிழமை வீடு வந்து சேர்ந்தாள். "சப்பிக் குடிக்கத் தெரியாத குழந்தைக்குப் பால் எதற்கு, குளுக்கோஸ் ஏறுவது போதாதா?" என்று நீ போனில் கேட்டபோது பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை.

சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இசைய கர்ப்பக் கணக்கில் ஏறத்தாழ 34 வாரம் ஆகவேண்டும் என்பதால், அதுவரை வாய்வழியே இரைப்பைக்குள் விட்ட மெல்லிய குழாயில்தான் பால் போயிற்று. முதலில் வேளைக்கு ஓரிரு மில்லிதான். அது பசியாற்றுவதற்காக அன்று. பால் படாமல் கிடக்கும் குடலின் உட்சுவர் மெலிந்து கிருமிக்கு இடம் கொடுத்துவிடும் என்பதற்காக.

தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியே வரும் எதிர்ப்புப் புரதங்களில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில்தான் குழந்தைக்குச் சேருமாம். இவளோ அதற்குள் பிறந்துவிட்டாள். அந்தக் குறையை ஓரளவு தாங்குவது சீம்பால். குழந்தையின் தாய் கவிதா கையால் பீய்ச்சிக் கொடுத்த சில சொட்டுகளைச் செவிலியர் குழந்தையின் கன்னத்து உட்புறத்தில் தடவியதை நான் பார்த்தேன். அதிலுள்ள இம்யூனோகுளோபுலின் ஏ என்ற எதிர்ப்புப் புரதம், குடல் சுவரில் கிருமி ஒட்டாதபடி காக்கிறது. லாக்டோஃபெரின் என்ற இன்னொரு புரதம், கிருமி வளரத் தேவையான இரும்புச் சத்தைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்கிறது. இத்தனை ஆண்டு அறிவியல் பாடம் நடத்திய எனக்கே புதிதாக இருந்த செய்தி இன்னொன்று: தாய் குழந்தையின் அருகிலேயே இருந்தால், அந்த வார்டில் உள்ள கிருமிகளை அவள் உடலும் சந்தித்து, அவற்றுக்கெதிரான புரதங்களைத் தன் பாலிலேயே சேர்த்து அனுப்புகிறது. இதை அறிந்த பிறகு, முதல் இரண்டு நாளும் கவிதாவைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

மூன்றாம் நாள் பால் போதாமல், பிற தாய்மார் கொடுத்த பாலைச் சேமித்து வைக்கும் தாய்ப்பால் வங்கியிலிருந்து வாங்கிக் கொடுத்தார்கள். 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குவதால் அதன் காப்புச் சக்தி சற்றுக் குறைந்தாலும், குறைமாதக் குழந்தைகளின் குடலை அழுகச் செய்யும் கொடிய அழற்சி, பவுடர் பால் குடிக்கும் குழந்தைகளைவிட இப்பால் குடிப்பவர்களுக்குக் குறைவாகவே வருகிறது. நான்கு வாரம் கழித்துப் பாலாடைக்கு, அதாவது மூக்கு வைத்த சிறு கிண்ணத்துக்கு, மாற்றினார்கள். நம் பாட்டிமார் புகட்டிய அதே பாலாடைதான்! பாட்டிலைக் கண்ணிலேயே காட்டவில்லை.

வீட்டுக்கு வந்த அன்றே, தெருவில் கழுதை ஓட்டி வருபவரிடம் ஒரு சங்கு பால் வாங்கிப் புகட்டினால் சளி அண்டாது என்று என் நாத்தனார் பிடிவாதமாக நின்றார். காய்ச்சாத பாலை இந்தப் பிஞ்சுக் குடல் தாங்காது என்று கையைப் பிடித்துக் கெஞ்சித்தான் தடுத்தேன்.

தை மாதம் உன் மருமகளுக்குப் பேறுகாலம் அல்லவா? ஒருவேளை குழந்தையைப் பிரித்து வைக்க நேர்ந்தால், முதல் சில மணி நேரத்துக்குள்ளேயே பால் பீய்ச்சத் தொடங்கி, இரவிலும் விடாமல் மூன்று மணிக்கொருமுறை எடுக்கச் சொல். சொட்டுச் சொட்டாக வந்தாலும் கொட்டிவிடாதே.

பேத்தி இப்போது 1,850 கிராம். அம்மாவின் மார்போடு அணைந்தபடி உறங்குகிறாள்.

அன்புடன்,
சரோஜா