லண்டன்–பாரிஸ் விமான நேரம்: ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

லண்டனிலிருந்து பாரிஸ் செல்லும் விமானத்துக்கு அட்டவணையில் இரண்டே கால் மணித்தியாலம் காட்டப்பட்டிருக்க, திரும்பி வரும் விமானம் கால் மணித்தியாலத்தில் வந்துவிடுவது எப்படி என்று ஒரு வாசகர் கேட்டதற்கு, மேல்வானில் வீசும் காற்றே காரணம் என்று சென்ற இதழின் கேள்வி–பதில் பகுதியில் விடை தந்திருந்தீர்கள். அது பிழை. அந்தக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக வீசுவது. ஆகவே அது உதவுவதென்றால் தென்கிழக்கே பாரிஸ் போகும் விமானத்துக்குத்தான் உதவ வேண்டும். நியூயோர்க் பயணத்தில் ஒரு மணித்தியாலம் வரை வித்தியாசம் காட்டும் அதே காற்று, நேர்கோட்டில் ஏறத்தாழ 340 கிலோமீற்றரே உள்ள இந்தத் தூரத்தில் சில நிமிடங்களுக்கு மேல் எதையும் மாற்றாது.

உண்மையில் எந்தப் பக்கம் பறந்தாலும் பயணம் சுமார் ஒன்றே கால் மணித்தியாலந்தான்; அதிலும் வானில் இருப்பது ஏறத்தாழ ஐம்பது நிமிடம், மீதி ஓடுபாதையில் கழிகிறது. புறப்படும் நேரத்தையும் வந்து சேரும் நேரத்தையும் அந்தந்த ஊர் மணிப்படி அச்சிடுவதால்தான், பாரிஸ் மணி ஒரு மணித்தியாலம் முந்தியிருப்பது போகும்போது கூடியும் வரும்போது குறைந்தும் தெரிகிறது. சூரியனைக் கேட்டால் இரு நகரங்களுக்கும் ஏறத்தாழப் பத்து நிமிட வித்தியாசமே சொல்லும். 1940இல் பாரிஸைக் கைப்பற்றிய ஜெர்மானியர் அங்கே பெர்லின் நேரத்தைப் புகுத்தினர். போர் முடிந்த பின்னும் பிரான்ஸ் அதையே வைத்துக்கொண்டது.

இந்தக் கணக்கில் எங்கள் வீடும் ஏமாந்திருக்கிறது. பாரிஸில் 5.10க்கு ரயிலேறுவேன் என்று தொலைபேசியில் சொன்னதைக் கேட்ட அம்மா, 5.10ஐ லண்டன் மணியென்றே எண்ணி, அப்போதுதான் நான் பாரிஸை விட்டுப் புறப்படுவேன் என்று நம்பியிருந்தார். நானோ லண்டன் மணி 4.10க்கே ஏறி 6.30க்கு லண்டனில் இறங்கிவிட்டேன், வாசலில் நான் நின்றபோது அரிசி அப்போதுதான் உலையில் கிடந்தது.

ரயில் என்றதும் இன்னொன்று. உங்கள் விடை விமான நேரத்தை மட்டும் சொல்லி நின்றுவிட்டது. நான் இருக்கும் ஈஸ்ட் ஹாமிலிருந்து ஹீத்ரோ விமான நிலையம் போய்ச் சேரவே எனக்கு ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கிறது. பாரிஸ் ரயில் புறப்படும் சென் பாங்கிராஸ் நிலையத்துக்கோ ஒரே நிலக்கீழ் ரயிலில் முக்கால் மணித்தியாலம் போதும். அங்கேயே பிரெஞ்சு அதிகாரிகளும் கடவுச்சீட்டைப் பார்த்துவிடுவதால், 50 கிலோமீற்றர் நீளமான ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்தைக் கடந்து, இரண்டேகால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் இறங்கி, தமிழ்க் கடைகள் உள்ள லாச்சப்பல் கடைத்தெருவுக்கு நடந்தே போய்விடலாம். விமானத்தில் போனவர் அந்நேரம் நகரத்திலிருந்து 25 கிலோமீற்றர் தள்ளியுள்ள சார்ல்ஸ் து கோல் விமான நிலையத்தில் வரிசையில் நிற்பார்.

அடுத்த இதழில் அந்த விடைக்குத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈஸ்ட் ஹாம், லண்டன்.