மாடித்தோட்டச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன, வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் முத்துச்சரச் செடியைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் இந்த வருடம் நாம் வாங்கிய திட்டெல்லாம் அதனால்தான்.

நர்சரியில் ஸ்ட்ரிங் ஆஃப் பேர்ல்ஸ் என்று கேட்டு இருபது தொங்கு தொட்டிகளை ஆடியில் வாங்கிப் பகிர்ந்தோம். கார்த்திகை முடிவதற்குள் பதினொன்று அழுகிவிட்டன. அதில் ஒன்று என்னுடையது, எனவே யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

எல்லாம் தண்ணீர் செய்த வேலை. துளசிக்கு ஊற்றப் போகிறோம், கையில் சொம்பு இருக்கிறது, பக்கத்தில் தொங்குவதற்கும் கொஞ்சம் ஊற்றாமல் வர மனசு வருவதில்லை. இதுவோ தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியில், வறண்ட நிலத்தில், புதர் நிழலிலும் கல்லிடுக்கிலும் தரையோடு படர்கிற செடி. முத்து என்று நாம் கொஞ்சுவது அதன் இலையைத்தான். உருண்டையாக இருப்பதால் காற்றுப் படும் பரப்பு குறைவு, உள்ளே சேர்த்த நீர் லேசில் போகாது. அதில் தெரிகிற மெல்லிய கோடு உள்ளே வெளிச்சம் போவதற்கான ஜன்னல். முத்து கொஞ்சம் சுருங்கின பிறகு ஊற்றினால் போதும். அதுவரை சும்மா இருக்கவேண்டும், நமக்கு அதுதான் வரவில்லை.

இன்னொரு தப்பு, செடி வந்த கோகோபீட்டிலேயே, அதாவது தேங்காய் நார்த்தூளிலேயே, விட்டது. மேலே காய்ந்தது மாதிரி தெரியும், விரலை விட்டால் அடியில் சொதசொத. இரண்டாம் மாடி அக்கா மட்டும் பழைய தயிர்ச்சட்டியில் ஓட்டை போட்டு, பாதிக்கு மேல் ஆற்று மணலும் உடைத்த செங்கல்லும் கலந்து மாற்றி நட்டார், மழை நாட்களில் சாரல் படாமல் உள்ளே எடுத்து வைத்தார். வேர் ஆழமாகப் போகாத செடி, அதற்குச் சட்டிதான் சரி. நாம் அன்று சிரித்தோம், அது தனிக்கதை.

கூரைக் கொக்கியில் உயரமாக மாட்டியவர்களின் செடிக்குச் சரம் பச்சையாக இருந்தும் உச்சி மொட்டையாகிவிட்டது. தொட்டியின் மேல்பக்கத்தில் வெளிச்சம் விழவேண்டும், ஆகவே ஜன்னல் மட்டத்துக்கு இறக்குங்கள். காலை வெயில் நல்லது. மேற்குப் பால்கனியின் மே மாத வெயில் முத்தை வேகவைத்துவிடும். மொட்டையானதற்கு வைத்தியமும் உண்டு: நீளமான சரத்தை வெட்டி, மண்ணின் மேலேயே சுருட்டிப் படுக்கவைத்தால் கணுக்களில் வேர் பிடிக்கும். அப்புறம், பட்டாணி என்று நினைத்துக் குழந்தைகள் வாயில் போட்டுவிடப் போகிறார்கள். அது விஷம், நாய்க்கும் பூனைக்கும் ஆகாது. பூத்தால் லவங்கப்பட்டை வாசனை வருமாம், நம்மில் யாருக்கும் அந்த யோகம் வாய்க்கவில்லை.

அக்கா ஐந்து சட்டிகளுக்கு ஆகும் சரங்களைத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். வேண்டுவோர் சட்டியோடு வரவும். அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துத்தான் தருவார்.

செயலாளர்