பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முட்டி வலி இப்போது பரவாயில்லை. நீ போன் செய்து மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆகிறது. "நல்லா இருக்கேன்பா, வேலை அதிகம்" என்று இரண்டு தடவை மெசேஜ் வந்தது, பார்த்தேன். குறை சொல்வதற்காக எழுதவில்லை. போனில் கேட்டால் "ஒண்ணும் இல்லப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

நீ வழிகாட்டியாகப் போய்ப் பார்க்கிற அந்த எட்டாம் வகுப்புப் பையன் எப்படி இருக்கிறான்? முன்பெல்லாம் அவனைப் பற்றியே அரை மணி நேரம் பேசுவாய். நாற்காலியை உதைத்துத் தள்ளியது, கணக்கு வாத்தியாரைக் கெட்ட வார்த்தையில் திட்டியது, இதுதான் கடைசி எச்சரிக்கை என்று அவன் அப்பாவிடம் கையெழுத்து வாங்கியது, எல்லாம் சொன்னாய். போன தடவை நான் கேட்டதற்கு "இருக்கான்" என்று ஒரே சொல். 31 வருஷம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்தவன் நான். ஒரு பிள்ளையைப் பற்றிப் புகார் சொல்வதைக்கூட எல்லோரும் நிறுத்திவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

நீ கேட்காமலே சொல்கிறேன், பொறுத்துக்கொள். சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்குப் போய்விடு. அவன் வரவில்லை என்றாலும் உன் நாற்காலியில் நீ இரு. இந்தப் பிள்ளைகள் முதலில் வாயே திறக்கமாட்டார்கள், நீ எத்தனை நாள் வருகிறாய் என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். "ஏன்டா அப்படிச் செஞ்சே" என்று கேட்காதே, அவனுக்கே பதில் தெரியாது. எந்தப் பீரியட், பக்கத்தில் யார், அதற்கு முந்தின நிமிஷம் என்ன நடந்தது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வை. சில வாரங்களில் அந்த நோட்டே உனக்கு விஷயத்தைச் சொல்லும்.

என் வகுப்பில் ஒருவன் இருந்தான். வாசிக்கிற முறை இரண்டு பெஞ்சு தள்ளி வரும்போதே பக்கத்தில் இருப்பவனை அடித்துவிடுவான். "வெளியே போ" என்பேன், போய்விடுவான். எனக்கும் நிம்மதி, அவனுக்கும் நிம்மதி. அவனுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கவே வராது என்று நான் கண்டுபிடித்தது வருஷம் முடிகிற நேரத்தில். மக்கு என்று பெயர் வாங்குவதைவிட ரவுடி என்று பெயர் வாங்குவது அந்த வயதுப் பையனுக்கு எவ்வளவோ மேல். அடித்தால் தப்பித்துக்கொள்ளலாம் என்ற பாடத்தை அந்த வருஷம் முழுக்க அவனுக்கு நான்தான் நடத்தியிருக்கிறேன். உன் பையனை யாராவது தனியாக உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிப் பார்த்தார்களா? கண், காது பார்த்தார்களா? ஒரு காது மந்தமாக உள்ள பிள்ளையும் சொன்ன பேச்சுக் கேளாதவனாகத்தான் தெரிவான்.

அவனை சஸ்பெண்ட் செய்தால், அது முடிந்து அவன் திரும்பி வருகிற முதல் நாள் காலையில் நீ கேட்டில் நில். யாரோடு சண்டையோ அந்த வாத்தியாரும் அவனும் வகுப்புக்கு முன்னால் இரண்டு நிமிஷமாவது பேசிவிட வேண்டும். இல்லையென்றால் முதல் பீரியடிலேயே பழைய கணக்கு தொடங்கிவிடும். அவன் ஒழுங்காக இருந்த ஒரு நாளில் அவன் வீட்டுக்குப் போன் செய். பள்ளிக்கூடத்து நம்பரைப் பார்த்தாலே வயிறு கலங்குகிற வீடு அது. அந்தக் கலக்கம் எப்படி என்று எனக்குத் தெரியும்.

நீ வங்கிப் பரீட்சை எழுதவில்லை என்று இரண்டு வருஷம் உன்னோடு சரியாகப் பேசாதவன் நான். இப்போது யார் கேட்டாலும், பள்ளிக்கூடம் கைவிடப் பார்க்கிற பிள்ளைகளோடு என் மகள் உட்கார்ந்திருக்கிறாள் என்று நானே முந்திக்கொண்டு சொல்கிறேன். ஆனால் ஊரார் பிள்ளைக்கு ஒதுக்குகிற நேரத்தில் பத்து நிமிஷம் அம்மாவுக்கு ஒதுக்கக் கூடாதா? ராத்திரி சரியாகத் தூங்குகிறாயா?

நீ வைத்துவிட்டுப் போன தாள்களை மறுபடி படித்தேன். கிராஸ்மன், ரோட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட கட்டுரையின் ஓரத்தில் நீ சிவப்புக் கோடு போட்டிருக்கிறாய். வழிகாட்டியோடு ஒரு வருஷமோ அதற்கு மேலோ சேர்ந்திருந்த பிள்ளைகளுக்குத்தான் அதிக நன்மை. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன பிள்ளைகள் தங்களைப் பற்றியே முன்னைவிடத் தாழ்வாக நினைத்தார்கள். நீ கோடு போட்டது இந்த இரண்டாவது வரியில். அவனை எப்போது பார்க்க ஆரம்பித்தாய் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். விட்டுவிடலாம் என்று நினைக்கிறாயோ என்று பயம். விடாதே என்று அதட்டவும் எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகள் படிப்பை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ள அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் உருவாக்கிய 'செக் அண்ட் கனெக்ட்' திட்டத்தில், பிள்ளை வேறு பள்ளிக்குப் போனாலும் அதே ஆள்தான் தொடர்ந்து பார்ப்பார், குறைந்தது இரண்டு வருஷம். அவனை ஏற்கெனவே அனுப்பிவிட்டார்கள் என்றால்கூட உன் நாள் உன் நாள்தான். போய்ப் பார். சொன்ன நாளில் போ.

இதையெல்லாம் உனக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன்.

அண்ணனைப் பள்ளிக்கூடம் வெளியே அனுப்பிவிட்டது என்றுதான் நம் வீட்டில் பேச்சு. அம்மாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீ இந்த வேலைக்குப் போனதற்கும் அதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும், நீ சொன்னதில்லை. பாப்பா, அவர்கள் அனுப்பவில்லை. அந்த ஜன்னல் விஷயத்துக்குப் பிறகு தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் அங்கே டிரில் வாத்தியாராக இருந்தவர் நின்றார். "தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் என்கிட்ட விடுங்க சார், வருஷக் கடைசி வரைக்கும் நான் பொறுப்பு" என்றார். தலைமையாசிரியரும் ஒத்துக்கொண்டார். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. நானே ஒரு வாத்தியார், என் பிள்ளையைத் திருத்த இன்னொருத்தரா என்ற எண்ணம். இன்னொரு தடவை ஏதாவது நடந்து, நீக்கினார்கள் என்று எழுத்தில் ஏறிவிட்டால் என் பெயர் என்ன ஆகும் என்ற பயம். அன்றைக்கே டி.சி.யை நானே கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து "துரத்திட்டாங்க" என்று சொன்னேன். அண்ணன் அப்போது திண்ணையில் உட்கார்ந்திருந்தான். அவனும் கேட்டான்.

அதனால் ஒன்று சொல்கிறேன், இதை மட்டும் மறக்காதே. அந்தப் பையனின் அப்பா தானே வந்து டி.சி. கேட்டால், பள்ளிக்கூடத்துக்கும் அது வசதியாகத்தான் இருக்கும், ஒருவரும் தடுக்கமாட்டார்கள். நீ தடு. நாளைக்கு வாங்க என்று சொல். ஒரு நாள் கழிந்தால் போதும், மனம் மாறும். எனக்கு அந்த ஒரு நாளை யாரும் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

எமி வெர்னர் என்ற அம்மையாரின் ஆய்வை நீ எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறாய், நினைவிருக்கிறதா? ஹவாயில் உள்ள கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 பிள்ளைகள். மிகவும் கஷ்டமான சூழலில் பிறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு நன்றாக வந்தார்கள், அவர்களுக்கு நம்பிக்கையான ஒரு பெரியவராவது இருந்தார் என்று சந்தோஷமாகச் சொன்னாய். எனக்கு மிச்சம் இரண்டு பங்குதான் மனதில் நின்றது. இந்த முறை கடைசிவரை படித்தேன். இளம் வயதில் தடுமாறியவர்களிலும் பெரும்பாலானவர்கள் முப்பது, நாற்பது வயதுக்குள் நிமிர்ந்துவிட்டார்கள் என்று போட்டிருக்கிறது. அண்ணனுக்கு இப்போது 34.

அவனிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த மாதம் 6-ஆம் தேதி வருகிறேன் என்றிருக்கிறான். அதற்குள் நீ ஒரு தடவை பேசினால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருக்கும். அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல மனமில்லை என்றால் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
அப்பா